மூளையின் மின்னலையைக் கண்ட ஹான்ஸ் பேர்கர்

மனிதனுடைய மனம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்னும் வினா மிகப் பழையது. நம் நாட்டு ஞானியர் அதனை அகத்தே நோக்கி ஆராய்ந்தனர். மேனாட்டார் கருவி கொண்டு புறத்தே நின்று அளக்க முற்பட்டனர். அவ்வாறு அளக்கப் புகுந்தோருள், மனித மூளையில் ஓயாது எழும் மின்னலையை முதன்முதலிற் பதிவுசெய்து காட்டியவர் ஜேர்மனி நாட்டு உளநோய் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் ஆவர். வலிப்பு நோயாளரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி வரைபடம் எடுக்கும் வைத்தியசாலை எதுவாயினும், அஃது அவருக்குக் கடப்பாடுடையது.

அவருடைய வாழ்க்கையில் வெற்றியும் உண்டு, வீழ்ச்சியும் உண்டு. வெற்றியை மட்டும் எடுத்துரைத்து அமைதல் எளிது. ஆயினும், மாணவர் கையில் நெடுங்காலம் தவழப்போகும் ஒரு மலரில் அவ்வாறு செய்தல் முறையன்றெனக் கருதுகின்றோம். ஆதலின் இரண்டையும் ஒருங்கே கூறப் புகுகின்றோம்.

இளமை

பேர்கர் 1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், கோபேர்க் நகரை அடுத்த நொய்சஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். தாயார், புகழ்பெற்ற கவிஞர் பிரீட்றிக் றூக்கேர்ட்டின் மகளார். இக்கவிஞர் கீழைத்தேய மொழிகள் பலவற்றிற் பெரும்புலமை வாய்ந்தவர். மகாபாரதத்து நளன் கதையைத் தம் தாய்மொழியிற் பாடி 1828இல் வெளியிட்டவர். நளன் கதையை வெண்பாவிற் கற்ற நம் மாணவர்க்கு இவ்வுறவு மகிழ்ச்சி தருமென நம்புகின்றோம்.

பேர்கர் முதலிற் கற்க விரும்பியது வானநூல். பல்கலைக்கழகம் புகுந்த சின்னாளில் அப்படிப்பை நிறுத்தி, ஓராண்டுப் படைப்பணிக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. ஒருநாட் காலையிற் படைப்பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை நிலைதடுமாறியது. பீரங்கி வண்டியொன்று வந்துகொண்டிருந்த பாதையில் அவர் வீழ்ந்தார். வண்டிச் சில்லு அவர்மீது ஏறுதற்குமுன் வண்டி ஒருவாறு நிறுத்தப்பட்டது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

அன்று மாலை தந்தையாரிடமிருந்து அவருக்கு ஒரு தந்தி வந்தது. மகன் நலமோ என்று தந்தை வினவியிருந்தார். அதுவரை அவ்வாறு ஒரு தந்தி வந்ததேயில்லை. அவருடைய தமக்கையார், தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டதென்று மனம் பதைத்து வற்புறுத்தியமையாலேயே தந்தை தந்தி அனுப்பினாரெனப் பின்னர் அறிந்தார். தம் உள்ளத்தெழுந்த பேரச்சம் தொலைவிலிருந்த உடன்பிறந்தாளின் உள்ளத்தைச் சென்று தாக்கிற்றென்று பேர்கர் உறுதியாக நம்பினார். இந்நிகழ்ச்சியைத் தம் முதுமையில், 1940இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் அவரே பதிந்துவைத்துள்ளார்.

தற்செயலான ஒரு பொருத்தமாக நாம் இதனைக் கொள்ளலாம். அவர் அவ்வாறு கொள்ளவில்லை. வானநூலைக் கைவிட்டு மருத்துவம் பயின்றார். உடலில் நிகழும் மாற்றத்துக்கும் உள்ளத்தில் நிகழும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து காண்பதே தம் வாழ்க்கைப் பணியெனத் துணிந்தார்.

யேனாவில் முப்பதாண்டுத் தேட்டம்

1897இல் மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்று, யேனாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளநோய் வைத்தியசாலையில் ஒற்றோ பின்சுவாங்கரின் உதவியாளராகச் சேர்ந்தார். போர்ப்பணிக் காலம் நீங்கலாக, 1938இல் ஓய்வு பெறும்வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை. 1919இல் அதன் தலைவரானார். 1927இற் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியும் அவரை அடைந்தது. புறத்தே நோக்கினார்க்கு அவர் ஒழுங்கும் கண்டிப்பும் மிக்க ஓர் அலுவலர், நாடோறும் ஒரே வேளையில் ஒரே வழியே நோயாளரைப் பார்வையிடச் செல்பவர், அதிகம் பேசாதவர். அவருடைய உள்ளத்தில் எரிந்துகொண்டிருந்த வேட்கையை உடனுழைத்தாரிற் பலரும் அறியார்.

மூளையில் நிகழும் தொழிற்பாடு வெப்பமாகவும் மின்னாகவும் வெளிப்படல் வேண்டும், எஞ்சியதே உள்ளத்தின் ஆற்றலாதல் வேண்டும் என அவர் எண்ணினார். முதலில் மூளைக்குட் செல்லும் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். அடுத்து, மூளையின் வெப்பநிலையை நுண்ணிய வெப்பமானி கொண்டு அளந்து 1910இல் ஒரு நூல் வெளியிட்டார். எதிர்பார்த்த விடை இரண்டிலும் கிடைக்கவில்லை. நாய்களின் மூளையில் மின்னோட்டத்தைக் காண 1902 முதல் எடுத்த முயற்சிகளும் பெரும்பாலும் தோல்வியுற்றன.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்பது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் றிச்சட் கேற்றன் 1875இல் முயல்களினும் குரங்குகளினும் அதனைக் கண்டார். போலந்தில் அடொல்வ் பெக் 1890இல் நாய்களினும் முயல்களினும் கண்டார். அவர்கள் மண்டையைத் திறந்து மூளையிலே மின்வாயை வைத்தனர். திறவாத மண்டையின்மேல் மின்வாய் வைத்து மனித மூளையின் மின்னை அறிதல் கூடுமென எண்ணியவர் அரியர்.

1924ஆம் ஆண்டு யூலை மாதம், அறுவைச் சிகிச்சை காரணமாக மண்டையோட்டின் ஒருபகுதி நீக்கப்பட்ட ஓர் இளைஞனின் தலையில் மின்வாய்களை வைத்து, கல்வனோமானியின் மெல்லிய இழை அசைவதைப் பேர்கர் கண்ணுற்றார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

வேறொருவராயின் மறுமாதமே உலகுக்கு அறிவித்திருப்பர். பேர்கரோ ஐந்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. தாம் கண்டது மூளையின் மின்னோ, இதயத்தின் மின்னோ, தசையின் அசைவோ, குருதி நாடியின் துடிப்போ என்ற ஐயம் அவரை வாட்டியது. அவர் அளக்கப் புகுந்தது ஓர் உவோற்றின் இருபதாயிரத்திலொரு பங்கு அளவினது. இதயத்தின் மின்னோ அதனிற் பன்மடங்கு பெரியது. ஆதலின் மூளையின் அலையை எழுதும்போதே இதயத்தின் அலையையும் அதே தாளில் எழுதி, பத்திலொரு செக்கனைக் காட்டும் கோட்டையும் உடன் பொறித்து, இரண்டும் வெவ்வேறு என்பதை உறுதிசெய்தார். மாலை வேளைகளில் நோயாளர் பலரையும், தம் மகனையும், இறுதியில் தம்மையுமே ஆய்வுக்கு உட்படுத்தினார். நாட்குறிப்பிற் சிலநாள் நம்பிக்கையும் பலநாள் மனச்சோர்வும் மாறிமாறி எழுதப்பட்டன.

1929இல் மனிதனின் மூளைமின் வரைவு பற்றிய முதற் கட்டுரை வெளிவந்தது. அதே தலைப்பில் 1938வரை மொத்தம் பதினான்கு கட்டுரைகள் தொடர்ந்தன. கண்களை மூடி அமைதியாயிருப்பவரிடத்துச் செக்கனுக்குப் பத்து முறையளவில் எழுந்து வீழும் பேரலையை அல்பா என்றும், அதனின் விரைவும் சிறுமையுமுடைய அலையைப் பீற்றா என்றும் அவர் பெயரிட்டார். கண்ணைத் திறந்தாலும், கணக்கொன்றை மனத்தாற் செய்தாலும் அல்பா அலை அடங்குவதைக் காட்டினார். மயக்க மருந்தின்போதும் வலிப்பின்போதும் அலைகள் வேறுபடுவதையும் எடுத்துக்காட்டினார்.

கேம்பிறிட்ஜின் தீர்ப்பு

அறிஞர் உலகம் இக்கட்டுரைகளைப் பொருட்படுத்தவில்லை. கருவிகளின் மின்னியலை அவர் நன்கறியார் என்றும், கருவியின் குறையை மூளையின் அலையென மயங்கினார் என்றும் பலர் எண்ணினர். கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் தத்தமக்கு வேண்டியவாறு இயங்குமிடத்து, இத்துணை ஒழுங்கான அலை தோன்றுதல் எங்ஙனம் என்பதே அவர்களது தடை.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்கார் ஏட்றியனும் பிறையன் மத்தியூசும் இதனைச் சோதிக்க முற்பட்டனர். ஏட்றியன் 1932இல் நோபல் பரிசு பெற்றவர். தனி நரம்பின் மின் துடிப்பை அளப்பதில் ஒப்பாரற்றவர். ஏட்றியனுடைய தலையிலேயே அல்பா அலை மிகத் தெளிவாக எழுந்தது. 1934இல் வெளியிட்ட தம் கட்டுரையில் அவ்விருவரும் பேர்கர் கண்டது மெய்யென உறுதிசெய்து, அவ்வலைக்குப் பேர்கரின் பெயரையே சூட்டினர். அன்றிலிருந்து அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆயினும் ஒரு கருத்தில் அவர்கள் வேறுபட்டனர். இவ்வலை மூளைய மேற்பட்டை முழுவதிலிருந்தும் எழுவதெனப் பேர்கர் நம்பினார். தலையிற் பல இடங்களில் மின்வாய்களை வைத்து, எவ்விடத்து அலை எவ்விடத்து அலையோடு ஒத்து எழுகின்றது, எங்கே தலைகீழாகின்றது என்று ஒப்பிட்டுப் பார்த்த கேம்பிறிட்ஜ் அறிஞர், அல்பா அலையின் ஊற்று மூளையின் பிற்பகுதியில், பார்வைக்குரிய இடத்தருகே உளதெனக் கண்டனர். இவ்விடயத்தில் உண்மை அவர்கள் பக்கமே நின்றது. இரு மின்வாய்களின் அலைகளை ஒப்பிட்டு அறியும் கலை இவ்வாறு தொடங்கிற்று.

ஒத்திசைவும் அதனை அளத்தலும்

கண்ணை மூடியபோது பெரிதாகும் அலை, கண்ணைத் திறந்து உலகைப் பார்க்கும்போது சிறிதாவது ஏன்? மூளை வேலை செய்யும்போது மின் மிகுதல் அன்றோ முறை?

நல்லூர்த் தேர்த்திருவிழாவை நினைத்துக்கொள்வோம். வீதியில் நிற்கும் பல்லாயிரவரும் தத்தம் பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, தூரத்தே நிற்பவனுக்கு ஒரு மெல்லிய இரைச்சலே கேட்கும். தேர் அசையும் கணத்தில் அனைவரும் ஒருங்கே அரோகரா என்று முழங்குமிடத்து அவ்வொலி ஊரெங்கும் கேட்கும். பேசுவோர் தொகை மிகவில்லை. ஒரே வேளையிற் பேசினர், அவ்வளவே. மண்டைக்கு வெளியேயுள்ள மின்வாய் தூரத்தே நிற்பவனைப் போன்றது. தனியொரு கலத்தின் குரல் அதற்குக் கேளாது. பெருந்தொகைக் கலங்கள் ஒத்து இயங்கினால் மட்டுமே அலை தோன்றும். கண் திறந்தவுடன் பார்வைக்குரிய கலங்கள் வெவ்வேறு வேலையில் ஈடுபட, ஒருமித்த முழக்கம் கலைந்து அலை சிறிதாகின்றது. ஆகவே பேர்கரின் அலை, கலங்களின் ஒத்திசைவை அளக்கும் கோல் எனலாம்.

இவ்வொத்திசைவு மிகுதலும் தீதே. 1935இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் ஆகியோர், சிறுவர்க்குச் சில கணம் நினைவிழப்பை உண்டாக்கும் வலிப்பு வகையில், செக்கனுக்கு மூன்று முறை எழும் பேரலை தலையின் எல்லாப் பகுதிகளிலும் ஒருங்கே தோன்றுவதைக் காட்டினர். எல்லாக் கலங்களும் ஒன்றையே கூறுமிடத்துச் சிந்தனைக்கு இடமில்லை. வேண்டியன வேண்டியபோது மட்டும் இசைவதே நலமுள்ள மூளையின் இயல்பு.

இவ்விசைவை எண்ணாற் கூறுதல் எவ்வாறு? பேர்கரின் காலத்திலேயே, 1932இல், டீற்ச் என்பார் மூளையலைகளைப் போரியர் முறையாற் பகுத்து ஆராய்ந்தார். இரண்டு அலைகளின் தொடர்பை மீடிறன் தோறும் அளப்பதற்கான கணிதத்தை அமெரிக்கக் கணித மேதை நோபேட் வீனர் 1930இல் வகுத்தார். கணனிகள் வந்த பின்னர் இக்கணக்குகள் எளிதாயின. 1999இல் லாஷோவும் அவர் துணைவரும் வெளியிட்ட முறை எளிதில் விளங்குவது. ஒரு கணத்தில் இரண்டு அலைகளுக்கும் இடையேயுள்ள அவத்தை வேறுபாட்டை, வட்ட மையத்திலிருந்து புறப்படும் ஓரலகு நீளமுள்ள அம்பாகக் கொள்க. சோதனையைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் அவ்வாறே ஓர் அம்பு வரைக. பின் எல்லா அம்புகளின் சராசரியைக் காண்க. இரண்டு அலைகளும் எப்பொழுதும் ஒரே இடைவெளியில் எழுந்தால் அம்புகள் ஒரே திசையை நோக்கும். சராசரி ஒன்றை அணுகும். தொடர்பின்றி எழுந்தால் அம்புகள் எத்திசையும் சிதறும். சராசரி பூச்சியத்தை அணுகும். அலைகளின் வீச்சம் பெரிதோ சிறிதோ என்பது இக்கணக்கிற் புகுவதில்லை.

இங்கு ஒரு பொறி உண்டு. ஒரே தவிலோசையை வீதியின் இரு மருங்கும் நிற்கும் இருவர் கேட்டு, இரு தவில்கள் ஒத்து முழங்குவதாக மயங்குதல் கூடும். அதுபோல, மூளையில் ஓரிடத்தெழும் மின் தசை, எலும்பு, தோல் வழியே பரவி இரு மின்வாய்களையும் ஒரே கணத்தில் அடைந்தால், இரு இடங்கள் ஒத்திசைவதாகக் கணக்கு பொய் கூறும். ஆதலாலேயே, சிறிதும் பிந்தாது ஒரே கணத்தில் எழும் இசைவை விலக்கி, சற்றுப் பிந்தி எழும் இசைவை மட்டும் கொள்ளும் முறைகள் 2004இலும் 2007இலும் வெளிவந்தன. தாம் கண்டது இதயத்தின் மின்னோ என்று ஐந்தாண்டு ஐயுற்ற பேர்கரின் மனப்பான்மையே இம்முறைகளிலும் விளங்குகின்றது.

பேர்கர் முதலில் தேடியது ஓருள்ளத்துக்கும் மற்றோருள்ளத்துக்கும் உள்ள தொடர்பை. 2009இல் பேர்லின் ஆய்வாளர், கிற்றார் வாத்தியத்தில் ஒரே இசையை ஒருங்கே வாசித்த இருவரின் மூளையலைகளை ஒரே வேளையில் அளந்து, அவை தம்முள் இசைவதைக் கண்டனர். ஆனால் ஒரு தலையின் மின் மறு தலையைச் சென்று தாக்கியதன்று இது. அவ்வலை அதற்கு மிகச் சிறிது. இருவரும் ஒரே தாளத்தைக் கேட்டனர், ஒருவர் கையை ஒருவர் நோக்கினர், ஒரே வேளையில் விரலசைத்தனர். கண்ணும் செவியுமே தூது. தமக்கையின் தந்திக்கு விடை இதுவன்று. ஆயினும், அத்தந்தி பிறப்பித்த வினாவினால் விளைந்த அளவுகோல் உலகுக்குப் பயன்பட்டது.

இறுதிக் காலம்

இனிக் கூறவேண்டியது துயரமானது. 1933இல் நாற்சிகள் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டே, பரம்பரை நோயுடையாரெனக் கருதப்பட்டோர் மகப்பேறு அடையாவண்ணம் வலிந்து அறுவை செய்யும் சட்டத்தை இயற்றினர். ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் இச்சட்டத்துக்கு இரையாயினர். உளநோயாளரும் பிறவிக் குருடரும் செவிடரும் இதில் அடங்குவர். பரம்பரை வலிப்பு நோயும் அச்சட்டம் குறித்த நோய்களுள் ஒன்று.

பேர்கர் நாற்சிக் கட்சியின் பகைவர் என்றும், அதனாலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்றும் நெடுங்காலம் நூல்கள் எழுதிவந்தன. நாமும் அவ்வாறே படித்தோம். யேனாவின் ஆவணங்களைப் பிற்காலத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் வேறு உண்மையை வெளிப்படுத்தினர். 1938இல் அவர் ஓய்வு பெற்றது வயதின் காரணமாக. கட்சியில் அவர் உறுப்பினரல்லர். எனினும் அதன் கரும்படைக்குப் பொருளுதவி புரிந்த ஆதரவாளர். அதனினும் கொடியது, மேற்கூறிய சட்டத்தின்கீழ் யேனாவில் அமைந்த மேல்முறையீட்டு மன்றத்தில் அவர் உறுப்பினராய் அமர்ந்து, அறுவைத் தீர்ப்புகளுக்கு உடன்பட்டமை. வலிப்பு நோயின் மின்னியல்பை அறிதற்கு வழிதிறந்த அதே கை, அந்நோயாளரை ஊனப்படுத்தும் சட்டத்துக்குத் துணைநின்றது.

ஓய்வுக்குப் பின் உடல்நலமும் குன்றியது. இயல்பாகவே இருந்த மனச்சோர்வு மிகுந்தது. 1941ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாம் நாள், தாம் நெடுங்காலம் தலைமை வகித்த அதே வைத்தியசாலையில், அறுபத்தெட்டாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

முடிவுரை

இத்தகையவரை நாம் எவ்வாறு நினைவுகூர்தல் வேண்டும்? அவர் பெயரை மறைத்தல் இயலாது. அவர் கண்ட அலை ஒவ்வொருவர் தலையிலும் எழுந்துகொண்டே இருக்கின்றது. அவர் செய்த குற்றத்தை மறைத்தலும் தகாது. அறுவைக்குட்பட்டோரின் துன்பமும் மெய்யானது.

மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. தாம் கண்ட மின்னலையை ஐந்தாண்டுகள் நம்பாது, மீண்டும் மீண்டும் ஐயுற்றுச் சோதித்தவர் பேர்கர். அந்த ஐயத்தில் நூறிலொரு பங்கை, நீதிமன்றத்தில் தம்முன் வைக்கப்பட்ட ஏடுகளின்மீது அவர் செலுத்தியிருப்பாராயின், எத்துணையோ குடும்பங்கள் தப்பியிருக்கும். அங்கே நாடு முழங்கிய முழக்கத்தோடு தாமும் ஒத்து முழங்கினார். ஆய்வுகூடத்தில் ஒருவன் பழகும் நேர்மை, அவன் வெளியே வரும்போது தானே உடன்வந்துவிடுவதில்லை. அதனை அழைத்து வருதல் வேண்டும்.

நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் கல்வனோமானியின் ஊசி அசைவதை முதன்முதற் கண்டு வியக்கும் சிறுவர்க்கு இக்கதையை முழுமையாகவே சொல்லுமாறு ஆசிரியர்களையும் பழைய மாணவர்களையும் வேண்டி அமைகின்றோம்.